படம் சரியாக இருக்கிறது... கை சரியாக இல்லையே!

பத்து வருஷத்துக்கு முந்தைய சம்பவம். கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிற ஒருவர், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கவரைத் தூக்கிக்கொண்டு மனைவியோடு என் வைத்தியசாலைக்கு வந்தார். வயது 48. கவரை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க வைத்தியரய்யா. அப்ப இது வாதக்கோளாறுதான? ஒங்க எண்ணெயப் போட்டா சரியாப் போயிரும்ல?"

அவருடைய தொந்தரவு என்ன தெரியுமா? ஐந்தாறு மாதமாக வலது கையால் சட்டைப் பித்தான் போட முடியவில்லை. பூட்டில் சாவியை நுழைத்தால் திருப்ப முடியவில்லை. வலி கிடையாது. மரத்துப் போகவில்லை. சூடு, குளிர்ச்சி எல்லாம் நன்றாகத் தெரிகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை மட்டும் குழி விழுந்து கிடந்தது. தோள் பக்கம் சதை அவ்வப்போது தானாகவே துடித்தது. "லேசா பூச்சி ஊர்ற மாதிரி இருக்குதுங்க" என்றார்.

நான் எண்ணெய் கொடுத்தேன். உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கூடவே கடுமையான பத்தியமும் போட்டேன். மூன்று மாதம் வந்து போனார். நாலாவது மாதம் வந்தபோது பேச்சு குழறியது. குடித்துவிட்டு வந்திருக்கிறாரோ என்று பஸ் கண்டக்டர் சந்தேகப்பட்டாராம்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதுரைக்கு, நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினேன். மோட்டார் நியூரான் வியாதி என்று தெரிந்தது.

"ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்ற வரியை அவரும் தவறாகப் புரிந்துகொண்டார், நானும் தவறாகப் புரிந்துகொண்டேன். அதே தவறை நீங்களோ உங்கள் ஊர் வைத்தியரோ செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வியாதியைப் பார்ப்போம். நீங்கள் ஒரு விரலை அசைக்க நினைத்தால், மூளையின் மேல்பக்கத்தில் இருக்கிற இயக்கப் பகுதியிலிருந்து ஒரு நரம்பணு தண்டுவடம் வரைக்கும் செய்தி கொண்டு வருகிறது. அங்கே இன்னொரு நரம்பணு அதை வாங்கிக்கொண்டுபோய்த் தசையில் சேர்க்கிறது. இடுப்புக்குப் பக்கத்திலிருந்து கால்விரல் வரைக்கும் போகிற நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருக்கும். ஒரே ஒரு அணுவின் வால் அது! இந்த இரண்டு வகை அணுக்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவதுதான் இந்த வியாதி. தொடுவுணர்ச்சிக்கு வேறு நரம்புகள் என்பதால் மரத்துப்போவதில்லை. 1869-ல் பிரான்ஸ் நாட்டு டாக்டர் ஷார்க்கோ இதைத் தெளிவாக விவரித்தார். அமெரிக்காவில் பேஸ்பால் வீரர் லூ கெரிக் 1941-ல் இதனால் இறந்ததால் அங்கே அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஸ்டீபன் ஹாக்கிங்கும் இதே வியாதிக்காரர்தான். 1963-ல், 21 வயதில் கண்டுபிடிக்கப்பட்டு, 2018 வரை வாழ்ந்தார். ஆனால் அவர் விதிவிலக்கு. பெரும்பாலானவர்களுக்கு வியாதி தொடங்கியதிலிருந்து மூன்று முதல் ஐந்து வருஷம்தான். பத்தில் ஒருவர் பத்து வருஷத்தைத் தாண்டுகிறார்.

இவ்வளவு பெரிய வியாதி ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சாதாரண எம்.ஆர்.ஐ. படம் உருவத்தைக் காட்டும். கட்டி இருக்கிறதா, ரத்தக் கசிவு இருக்கிறதா, கழுத்து எலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அழுத்துகிறதா என்று சொல்லும். அணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருப்பதை அது பெரும்பாலும் காட்டாது. வெளியிலிருந்து பார்த்தால் ஃபாக்டரிக் கட்டடம் அப்படியேதான் இருக்கும். உள்ளே ஷிஃப்டுக்கு வருகிற ஆட்கள் குறைந்துகொண்டே போவது ரோட்டில் நிற்பவனுக்குத் தெரியுமா? இந்த வியாதியில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வதே மற்ற காரணங்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். "ஒன்றுமில்லை" என்று வந்தால், "நாம் பயந்த மற்ற வியாதிகள் இல்லை" என்று மட்டுமே அர்த்தம்.

இப்போது விஞ்ஞானிகள் வேறு விதமாகவும் படம் எடுக்கிறார்கள். மூளையின் பகுதிகளுக்கு இடையே இருக்கிற தொடர்புகளைப் படம் எடுக்கிறார்கள். இதில் இரண்டு வழி உண்டு.

ஒன்று, வயரைப் பார்ப்பது. உழுத நிலத்தில் மழை பெய்தால் தண்ணீர் சால் போன போக்கில்தான் ஓடும், குறுக்கே ஓடாது. மூளையின் நரம்பிழைக் கற்றைகளுக்குள் இருக்கிற நீரும் அப்படித்தான், இழையின் போக்கிலேயே நகர்கிறது. இழைகள் சிதைந்தால் கரை உடைந்த சால் மாதிரி எல்லாப் பக்கமும் பரவுகிறது. எம்.ஆர்.ஐ. மிஷினை அதற்கேற்றபடி வேலை செய்ய வைத்து இந்த நகர்ச்சியை அளக்கிறார்கள். மோட்டார் நியூரான் வியாதியில், மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்குகிற கற்றையிலும், இடது மூளையையும் வலது மூளையையும் இணைக்கிற பாலத்தின் நடுப்பகுதியிலும் கரை உடைந்திருப்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. ஹாலந்து நாட்டின் உட்ரெக்ட் நகரத்து ஆய்வாளர்கள் அதே நோயாளிகளை இடைவெளி விட்டு மறுபடி படம் எடுத்துப் பார்த்தார்கள். சிதைவு, இயக்கப் பகுதியிலிருந்து அதோடு நேரடித் தொடர்புள்ள பக்கத்துப் பகுதிகளுக்கு விரிவதைக் கண்டார்கள். வியாதி கண்ட இடத்துக்குத் தாவாமல், வயர் போன வழியிலேயே போகிறது என்பதற்கு இது ஒரு சாட்சி.

இரண்டாவது வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு டீக்கடைகளில் ரேடியோ பாடுகிறது. ஒன்றில் சத்தம் ஏறும்போது மற்றதிலும் ஏறுகிறது, இறங்கும்போது அதுவும் இறங்குகிறது. உள்ளே போய்ப் பார்க்காமலே, இரண்டும் ஒரே ஸ்டேஷன்தான் என்று சொல்லிவிடலாம் அல்லவா? மூளையில் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ரத்தத்தின் பிராணவாயு அளவு மாறும். 1990-ல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா இந்த மாற்றத்தை எம்.ஆர்.ஐ. மூலம் படம் பிடிக்கலாம் என்று காட்டினார். 1995-ல் பாரத் பிஸ்வால் என்கிற நம் நாட்டுக்காரர், அமெரிக்காவில் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில், ஒரு வேடிக்கையான உண்மையைக் கண்டார். ஆள் விரலைக்கூட அசைக்காமல் சும்மா படுத்திருக்கும்போதே, இடது பக்க இயக்கப் பகுதியும் வலது பக்க இயக்கப் பகுதியும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன! அன்றைக்குப் பலர் இதை மிஷின் இரைச்சல் என்றே நினைத்தார்கள். இன்று இதை வைத்துத்தான் மூளையின் வலைப்பின்னலையே வரைகிறார்கள்.

மோட்டார் நியூரான் வியாதியில் இந்த வலைப்பின்னல் எப்படி இருக்கிறது? வயர் அறுகிறது என்றால் ஒத்திசைவும் குறையத்தானே வேண்டும்? சில ஆய்வுகளில் குறைந்துதான் இருந்தது. ஆனால் 2011-ல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த ஆய்வில் தலைகீழ்! வயர் சிதைந்த அதே இயக்க வலைப்பின்னலில் ஒத்திசைவு கூடியிருந்தது. வியாதி வேகமாகப் போகிறவர்களுக்கு இன்னும் அதிகம். அவர்கள் சொன்ன விளக்கம் யோசிக்கத் தக்கது. மூளையில் தூண்டிவிடுகிற அணுக்கள் மட்டுமில்லை, அடக்கி வைக்கிற அணுக்களும் உண்டு. வண்டிக்குப் பிரேக் மாதிரி. அந்தப் பிரேக் அணுக்கள் முதலில் கெட்டுப்போனால் எல்லாம் ஒரே குரலில் கத்த ஆரம்பிக்கும். அது ஒத்திசைவாகப் படத்தில் தெரியும். வேறு சிலர், மிச்சமிருக்கிற அணுக்கள் கூடுதல் பாரம் சுமக்கின்றன, அதுதான் இது என்கிறார்கள். வேகமாகப் போகிறவர்களுக்கே அதிகம் என்பதால் எனக்குப் பிரேக் விளக்கம்தான் பொருந்துவதாகப் படுகிறது.

இன்னொன்றும் இந்தப் படங்களில் வந்தது. வீட்டில் இருப்பவர்கள் இதைத்தான் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மாற்றம் இயக்கப் பகுதியோடு நிற்பதில்லை. நெற்றிப் பகுதி மூளையின் தொடர்புகளும் பாதிக்கப்படுகின்றன. நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்குச் சிந்தனையிலோ குணத்திலோ ஏதாவது ஒரு மாற்றம் இருக்கிறது. சிலர் பிடிவாதக்காரர் ஆகிறார்கள், சிலர் எதிலும் பட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் சிலருக்கு, காரணமே இல்லாமல் அழுகை பொங்கும், அல்லது சாவு வீட்டில் சிரிப்பு வரும். அடக்க முடியாது. லேத் வேலைக்காரரின் மனைவி ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவுக புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு பயமா இருக்கு" என்று அழுதார். புத்தி பேதலிக்கவில்லை அம்மா, சிரிப்பையும் அழுகையையும் கட்டுப்படுத்துகிற நரம்பு வழி கெட்டிருக்கிறது, அதற்கு மாத்திரைகூட உண்டு, டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள் என்றேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் சண்டை குறைந்தது.

சரி, இந்த வலைப்பின்னல் படத்தை நாமும் எடுத்துப் பார்த்துவிடலாமா? வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இந்த ஆய்வுகள் எல்லாம் ஒரு கூட்ட நோயாளிகளின் சராசரியை ஒரு கூட்ட ஆரோக்கியவான்களின் சராசரியோடு ஒப்பிட்டுச் சொன்னவை. கூட்டத்துக்குப் பொருந்துவது உங்கள் ஒருவருக்குப் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. 2019-ல் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் நகரத்தில் உலக நரம்பியல் நிபுணர்கள் கூடி, இந்த வியாதியை எப்படி உறுதி செய்வது என்று விதிமுறை வகுத்தார்கள். டாக்டர் கையால் செய்கிற பரிசோதனை, தசையில் ஊசி வைத்து மின்சாரத்தைப் பார்க்கிற இ.எம்.ஜி., மற்ற வியாதிகள் இல்லை என்ற நிச்சயம், இவைதான் அதில் இருக்கின்றன. வலைப்பின்னல் ஸ்கேன் இல்லை. வியாதி என்ன செய்கிறது என்பதை அந்தப் படம் விஞ்ஞானிக்குச் சொல்கிறது. யாருக்கு வியாதி என்று சொல்லாது. நகையை அடகு வைத்து மூன்றாவது ஸ்கேன், நாலாவது ஸ்கேன் என்று அலைகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தப் பணம் பின்னால் வேறு விஷயத்துக்கு வேண்டியிருக்கும்.

ஸ்கேனே வீண் என்று சொல்கிறேனா? இல்லவே இல்லை. கேட்கிற கேள்விக்குத்தான் படம் பதில் சொல்லும், அவ்வளவுதான். ஒரு உதாரணம் சொல்கிறேன். திருமங்கலம் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. படிக்கிற பையன் ஒருவனை அவன் தாய்மாமன் கூட்டி வந்தார். வயது 19. ஒரு கை மட்டும், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மெலிந்து போயிருந்தது. மார்கழிக் குளிரில் விரல் இன்னும் மோசமாக மடங்கிக்கொள்ளும் என்றான். முதல் ஸ்கேன் நார்மல். நரம்பியல் டாக்டர், கழுத்தை முன்னால் குனிய வைத்து மறுபடி எடுக்கச் சொன்னார். குனியும்போது தண்டுவடத்தைச் சுற்றியிருக்கிற உறை முன்பக்கம் நகர்ந்து தண்டுவடத்தை அமுக்குவது பளிச்சென்று தெரிந்தது! ஹிராயாமா என்ற ஜப்பானிய டாக்டர் 1959-ல் எழுதிய நோய் இது. நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸில் டாக்டர் கௌரி தேவியும் அவரது குழுவினரும் இத்தகைய இளைஞர்களைப் பற்றி 1984-ல் எழுதினார்கள். சில வருஷம் வளர்ந்து பிறகு தானே நின்றுவிடும். கழுத்தைக் குனியவிடாமல் காலர் மாட்டினால் முன்னதாகவே நிறுத்த வாய்ப்பு உண்டு. அந்தப் பையனை நான் கழுத்தை உருவி எண்ணெய் தேய்த்து, மடக்கி நிமிர்த்தியிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

நம் தமிழ்நாட்டு ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு வகையும் இருக்கிறது. 1970-ல் சென்னை டாக்டர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவரும் எழுதினார்கள். முப்பது வயதுக்குள்ளேயே தொடங்கும். கை கால் மெலிவதோடு முகம், நாக்கு பலவீனம், முக்கியமாகக் காது மந்தம். ஆனால் மெதுவாகப் போகும், பல வருஷம் வாழ்கிறார்கள். உலக நரம்பியல் புத்தகங்களில் இன்றும் இதற்குப் பெயர் "மெட்ராஸ் மோட்டார் நியூரான் வியாதி". ஊர் பெயர் மாறினாலும் வியாதிக்குப் பெயர் மாறவில்லை. சின்ன வயதுக்காரருக்குப் பேச்சும் குழறி, காதும் மந்தமானால் இரண்டையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். காதுக்கு ஒரு ஆஸ்பத்திரி, கைக்கு ஒரு ஆஸ்பத்திரி என்று பிரித்துக் காட்டினால் யாருக்கும் விளங்காது.

இனி என் இனத்தாருக்கு, சித்த வைத்தியர்களுக்கு. நானும் பாளையங்கோட்டையில் படித்து வந்தவன்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். யூகி முனிவர் நூலில் வாத நோய் 80 என்று மனப்பாடம் செய்தோம். வந்தவரின் கை மெலிந்திருந்தால் அந்த எண்பதில் ஒன்றில் அவரை அடைத்துவிடத் துடிக்கிறோம். ஆனால் அதே படிப்பில் எண்வகைத் தேர்வும் இருக்கிறதே! நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். நாவையும் மொழியையும் நம் முன்னோர்கள் சும்மாவா சேர்த்தார்கள்? நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு நிறம் மட்டும் பார்க்கிறோம். நீட்டாமல், வாய்க்குள்ளேயே தளர்வாகக் கிடக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரங்கள் சுருங்கி, பைக்குள் புழு நெளிகிற மாதிரி நாக்கு துடித்தால் எண்ணெய் பாட்டிலைத் தொடாதீர்கள். அன்றைக்கே நரம்பியல் டாக்டருக்குச் சீட்டு எழுதுங்கள். லேத் வேலைக்காரருக்கு நான் மூன்று மாதமும் நாடி பார்த்தேன், நாக்கை இப்படிப் பார்க்கவே இல்லை.

வாசகர்களாகிய நீங்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வியாதியைக் குணமாக்கும் மருந்து சித்தத்தில் இல்லை, அலோபதியிலும் இல்லை. "48 நாளில் நரம்பு துளிர்க்கும்" என்று யார் சொன்னாலும், அவர் எந்த வைத்தியத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். ரிலுசோல் என்ற மாத்திரை 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆய்வுகளில் இரண்டு மூன்று மாதம் ஆயுளை நீட்டியது. ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறு உள்ள சிலருக்கு மட்டும் டோஃபர்சென் என்ற ஊசி 2023-ல் அங்கே வந்திருக்கிறது. அப்படியானால் எதற்காகச் சீக்கிரம் போக வேண்டும்? முதல் காரணம், இதே மாதிரி வேஷம் போடுகிற வியாதிகள் சில உண்டு, அவற்றுக்கு வைத்தியம் உண்டு. கழுத்து எலும்பு அழுத்தம், தைராய்டு, ஊசி மருந்துக்குக் கட்டுப்படுகிற ஒரு வகை நரம்பு வியாதி, ஈய விஷம் இப்படி. ஈயம் என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது: முறையாகப் புடம் போடாத செந்தூரம், பற்பங்களை ஊர் பேர் தெரியாதவர்களிடம் வாங்கிச் சாப்பிட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது காரணம் சாப்பாடும் மூச்சும். இந்த வியாதியில் எடை குறைவது கெடுதல். எடை குறையக் குறைய ஆயுளும் குறைகிறது. அதனால்தான் பத்தியம் என்ற பேச்சே கூடாது. நான் போட்ட பத்தியத்தில் அந்த மனிதர் மூன்று மாதத்தில் ஆறு கிலோ இறங்கியிருந்தார். சுண்டிப்போன கை தெரிந்த எனக்கு, தளர்ந்துபோன வேட்டி தெரியவில்லை. நெய், முட்டை, மீன், பால், எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். தண்ணீர் புரையேறினால் கஞ்சி மாதிரி கெட்டியாக்கிக் கொடுங்கள். விழுங்குவது ரொம்பச் சிரமப்படுவதற்கு முன்னாலேயே வயிற்றில் உணவுக் குழாய் வைப்பதைப் பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள். மூச்சுத் தசை முற்றிலும் தளர்ந்த பிறகு அதை வைப்பது ஆபத்து. படுத்தால் மூச்சு முட்டுகிறது, காலையில் தலை வலிக்கிறது, பகலெல்லாம் தூங்கி விழுகிறார் என்றால் ராத்திரி மூச்சு போதவில்லை என்று அர்த்தம். முகமூடி வைத்து மூச்சுக்கு உதவுகிற மிஷின் இருக்கிறது. 2006-ல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில், நாக்கும் தொண்டையும் ரொம்பக் கெடாதவர்களுக்கு அந்த மிஷின் ஏறத்தாழ ஏழு மாதம் ஆயுளைக் கூட்டியது. மாத்திரையைவிட அதிகம்! நான் ஸ்கேனுக்கு நகை அடகு வைக்காதீர்கள் என்றது இதற்காகத்தான்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. போகும்போது பழைய படங்களையும் எடுத்துப் போங்கள். எந்த மாதத்தில் எந்த விரல் முதலில் கெட்டது, எப்போது பேச்சு மாறியது, எடை எவ்வளவு குறைந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எங்களைப் போன்றவர்களிடம் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். திட்டுவாரோ என்று பயப்பட வேண்டாம்.

லேத் வேலைக்காரர் அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் இருந்தார். நான் மாதம் ஒரு முறை வீட்டுக்குப் போய் வருவேன். மருந்து கொடுக்க இல்லை. மலச்சிக்கலுக்கு ஏதாவது, கால் பிடிப்புக்கு இளஞ்சூட்டில் ஒத்தடம், அவ்வளவுதான். பேச்சு நின்றபிறகு சிலேட்டில் இடது கையால் எழுதுவார். பத்தியத்தை நானே ரத்து செய்த அன்று அவர் மனைவி அயிரை மீன் குழம்பு வைத்து, முள்ளே இல்லாமல் மசித்து ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிலேட்டை வாங்கி எழுதினார்: "இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"